ட்ரூல்ஸ்: எந்த ரூல் முதலில் ஓடும் என்பதை யார் முடிவு செய்வது? ஜவுளிக்கடை பில்லிங்கில் மூன்று வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ட்ரூல்ஸ் எனக்குப் பிடித்த மென்பொருள். நாம் தனியாக எழுதித் தரும் விதிகளை, அதாவது ரூல்களை, நிபந்தனை பார்த்து ஓட்டித் தரும் ரூல் என்ஜின் அது. 5க்கு 4 தருவேன். அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில்தான் எங்கள் டீம் ஒரு ஆடி மாதம் முழுக்கத் தூக்கத்தைத் தொலைத்தது. ரூல் என்ஜின் வாங்கலாமா, நாமே கோடுக்குள் "இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது" என்று இஃப்-எல்ஸ் எழுதி ஓட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பயன்படும்.

நான் வேலை செய்வது பெருங்குடியில் ஒரு சின்ன நிறுவனம். தி.நகர், புரசைவாக்கம், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் உள்ள ரெடிமேட் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். ஜவுளிக்கடை பில் என்றால் கூட்டல் கழித்தல்தானே என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆடித் தள்ளுபடி, மெம்பர் கார்டு, மூன்று எடுத்தால் ஒன்று இலவசம், தீபாவளிக் கூப்பன், பழைய சரக்குக்குத் தனி விலை, அதற்கு மேல் ஜி.எஸ்.டி., அப்புறம் பைசாவை ரவுண்ட் பண்ணுவது. இதில் முக்கால்வாசி மாதத்துக்கு ஒருமுறை மாறும். கடை முதலாளி இரவு பத்து மணிக்கு போன் போட்டு "நாளைக்குக் காலையில இருந்து குழந்தைங்க துணிக்கு மட்டும் 15 பர்சென்ட்" என்பார். இதையெல்லாம் ஜாவா கோடுக்குள் புதைத்து வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வெர்ஷன் அனுப்ப வேண்டியிருந்தது. அதனால்தான் ட்ரூல்ஸுக்கு வந்தோம்.

இலவசம், திறந்த மூலம், அப்பாச்சி உரிமம். 2001-இல் பாப் மெக்விர்ட்டர் தொடங்கியது, பிறகு ஜேபாஸ், ரெட் ஹாட் நிறுவனங்கள் வழியாக வளர்ந்தது, இப்போது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் குடையின் கீழ் இருக்கிறது. ஜாவா தெரிந்தவருக்கு ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஒவ்வொரு ரூலுக்கும் இரண்டு பாதி: "எப்போது" என்ற பாதியில் நிபந்தனை, "அப்போது" என்ற பாதியில் செய்ய வேண்டிய வேலை. பில்லில் உள்ள பொருள்களை, கார்டை, கூப்பனை எல்லாம் உள்ளே போட்டுவிட்டால், எந்தெந்த ரூலின் நிபந்தனை பொருந்துகிறதோ அவை எல்லாம் அஜெண்டா என்ற பட்டியலில் வந்து நிற்கும். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டுவது என்ஜினின் வேலை.

சரி, பட்டியலில் ஒரே நேரத்தில் ஐந்து ரூல் நிற்கிறது. எதை முதலில் எடுப்பது?

இந்தக் கேள்வி இந்தத் துறை பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபோர்ஜி ரீட்டி என்ற முறையைக் கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான ரூல்களில் எவை பொருந்துகின்றன என்பதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடாமல் வலைபோலப் பின்னி நினைவில் வைத்துக்கொள்ளும் வழி அது. அவர் உருவாக்கிய ஓ.பி.எஸ்.5 மொழியில் லெக்ஸ், மியா என்று இரண்டு தேர்வு முறைகள் இருந்தன. புதிதாக வந்த தகவலைத் தொடும் ரூலுக்கு முன்னுரிமை, நிபந்தனை அதிகம் உள்ள, அதாவது குறிப்பாகப் பேசும் ரூலுக்கு முன்னுரிமை, ஒருமுறை ஓடிய ரூல் அதே தகவலுக்கு மறுபடி ஓடக்கூடாது என்ற அடிப்படைகள் அங்கிருந்து வந்தவை. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985-இல் உருவான கிளிப்ஸ் என்ற ரூல் மென்பொருளில் இப்படித் தேர்ந்தெடுக்க ஏழு முறைகள் இருக்கின்றன, ஏழில் ஒன்று குலுக்கல் முறையில் எடுப்பது. அந்தக் குலுக்கல் முறையை நான் பெரிதும் மதிக்கிறேன், காரணம் பின்னால் வருகிறது.

ட்ரூல்ஸில் முதலில் கண்ணில் படுவது சேலியன்ஸ். ரூலின் தலையில் ஒரு எண் எழுதலாம். எழுதாவிட்டால் பூஜ்யம். எண் பெரிதானால் முதலில் ஓடும், மைனஸ் போட்டால் கடைசிக்குப் போகும். பத்து நிமிடத்தில் புரிந்துவிடும், அதனாலேயே புதிதாக வருகிற எல்லோரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நாங்களும் பிடித்துக்கொண்டோம். ஆடித் தள்ளுபடிக்கு 50, வரி விகிதம் பார்க்கும் ரூலுக்கு 40, வரித் தொகை கணக்கிடும் ரூலுக்கு 10 என்று வைத்தோம், நன்றாக ஓடியது. ரேஷன் கடை வரிசையில் யாராவது ஒருவர் "எனக்குக் கொஞ்சம் அவசரம்" என்று முன்னால் போனால் பரவாயில்லை, எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தால் வரிசை என்ற ஒன்றே இருக்காது. எங்கள் ரூல் கோப்பில் எட்டு மாதத்தில் 50, 55, 100, 999, 1000, கடைசியில் 9999 வரை வந்துவிட்டது. 55 ஏன் 55 என்று எழுதியவருக்கே நினைவில்லை. அந்த எண்ணுக்கு அர்த்தம் அந்த ரூலுக்குள் இல்லை, வேறு எழுபது ரூல்களின் எண்களோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் வரும். அதைத்தான் நான் இந்த வசதியின் அடிப்படைக் குறை என்று சொல்வேன்.

2025 ஆடியில் அது வெடித்தது. அப்போது ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. ஒரு பீஸ் 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். பில்லிலேயே காட்டப்படும் தள்ளுபடியைக் கழித்த பிறகு வரும் விலையைத்தான் வரிக்கு எடுக்க வேண்டும். ஒரு கடை மெம்பர் கார்டுக்கு 5 சதவீதம் கூடுதலாகக் கேட்டது, டீமில் ஒருவர் அந்த ரூலை எழுதி 30 என்று சேலியன்ஸ் போட்டார். தள்ளுபடி ரூல்தானே, ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகு ஓடட்டும் என்பது அவர் எண்ணம், அதில் தப்பு சொல்ல முடியாது. வரி விகித ரூல் 40-இல் உட்கார்ந்திருப்பது இன்னொரு கோப்பில் இருந்தது, அவர் கண்ணில் படவில்லை.

வரிக்கு முந்தைய விலை 1,150 ரூபாய் உள்ள ஒரு சுடிதார் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத ஆடித் தள்ளுபடி ஓடியது, 1,035. வரி விகித ரூல் வந்து பார்த்தது, 1000-க்கு மேல், 12 சதவீதம் என்று எழுதிவிட்டுப் போனது. அப்புறம் மெம்பர் கார்டு ஓடியது, 983.25. கடைசியில் தொகை ரூல் 983.25-க்கு 12 சதவீதம் போட்டு 117.99 என்று வசூலித்தது. நியாயமாக 5 சதவீதம், 49.16 ரூபாய்தான் வந்திருக்க வேண்டும். ஒரு துணிக்கு கிட்டத்தட்ட 69 ரூபாய் அதிகம்.

விலை மாறினால் வரி விகித ரூல் மறுபடி ஓட வேண்டாமா என்று ரூல் என்ஜின் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஓடியிருக்கும், நாங்கள் தடுக்காமல் விட்டிருந்தால். அந்த ரூலை நாங்கள் எழுதியிருந்தது இப்படி: எப்போது — பொருளின் விலை 1000-க்குக் கீழ் அல்லது சமம், இன்னும் வரி விகிதம் போடப்படவில்லை, அப்போது — 5 என்று போடு. அந்த "இன்னும் போடப்படவில்லை" என்ற இரண்டாவது நிபந்தனை, ரூல் திரும்பத் திரும்ப ஓடிச் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று பயந்து போட்டது. அதுவே ரூலுக்குத் தன் தப்பைத் திருத்திக்கொள்ளும் வழியையும் அடைத்துவிட்டது.

கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. கடையின் ஆடிட்டர் மாதக் கடைசியில் போன் செய்தார். "தம்பி, தொள்ளாயிரத்து எண்பத்து மூணு ரூபா துணிக்கு எப்படிப்பா பன்னிரண்டு பர்சென்ட் வரும்?" என்றார். நான் "பார்த்துச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டு உட்கார்ந்தபோது மாலை நாலு மணி, காரணம் பிடிபட்டபோது இரவு பதினொன்று. கார்டு வைத்திருந்த வாடிக்கையாளர்கள், அதாவது கடைக்கு அடிக்கடி வருகிறவர்கள், அவர்களிடம்தான் அதிகமாக வாங்கியிருக்கிறோம். கடைக்காரர் பட்டியல் எடுத்து ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது, எழுதும்போதுகூட.

அதற்குப் பிறகுதான் ட்ரூல்ஸின் மற்ற கதவுகளைத் திறந்து பார்த்தோம், அங்கேதான் இந்த மென்பொருள் என்னை ஜெயித்தது.

அஜெண்டா குரூப் என்று ஒன்று இருக்கிறது. ரூல்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் கொடுக்கலாம். எங்கள் கட்டங்கள்: விலை, சதவீதத் தள்ளுபடி, ரூபாய்க் கூப்பன், வரி, சரிபார்ப்பு. ஒரு கட்டத்துக்கு ஃபோகஸ் கொடுத்தால் அந்தக் கட்டத்தின் ரூல்கள் மட்டும் ஓடும், அதில் ஓட வேண்டியது தீர்ந்ததும் அடுத்த கட்டம். புதிதாக ஒரு தள்ளுபடி ரூல் எழுதுபவர் வரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், "இது தள்ளுபடிக் கட்டம்" என்று எழுதினால் போதும். 30, 40 என்ற எண்களைவிடப் பெயர் எவ்வளவு தெளிவு பாருங்கள்.

சதவீதத்தையும் கூப்பனையும் ஏன் தனித்தனிக் கட்டமாக வைத்தோம்? சதவீதங்கள் தங்களுக்குள் எந்த வரிசையில் வந்தாலும் ஒன்றுதான், 10-ஐக் குறைத்து 5-ஐக் குறைத்தாலும் 5-ஐக் குறைத்து 10-ஐக் குறைத்தாலும் அதே 983.25. ஆனால் 100 ரூபாய்க் கூப்பன் நடுவில் வந்தால் கதை மாறும். 1,150-இல் முதலில் 10 சதவீதம், பிறகு கூப்பன் என்றால் 935. முதலில் கூப்பன், பிறகு சதவீதம் என்றால் 945. எது சரி என்று என்ஜின் சொல்லாது, நானும் சொல்ல முடியாது, கடை முதலாளிதான் சொல்ல வேண்டும். எங்கெங்கே வரிசை உண்மையிலேயே முக்கியம், எங்கெங்கே இல்லை என்று உட்கார்ந்து பிரித்த அந்த ஒரு மதியம், நாங்கள் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது. சாம்பாரில் பருப்பு வேகும் முன்பே புளியை ஊற்றினால் பருப்பு வேகாது, அது வரிசை. பெருங்காயத்தைக் கொஞ்சம் முன்னே போட்டாலும் பின்னே போட்டாலும் சாப்பிடுபவருக்குத் தெரியாது. எழுபது ரூலில் எங்களுக்கு வரிசை தேவைப்பட்டது நாலே நாலு எல்லைகளில்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, எல்லோரும் ஒருமுறை விழுவார்கள். ஃபோகஸ் என்பது அடுக்கு. கடைசியாக வைத்தது மேலே இருக்கும், அதுதான் முதலில் ஓடும். எனவே விலை, தள்ளுபடி, கூப்பன், வரி, சரிபார்ப்பு என்று ஓட வேண்டுமானால் ஃபோகஸ் கொடுக்க வேண்டியது தலைகீழாக: முதலில் சரிபார்ப்பு, பிறகு வரி, கூப்பன், தள்ளுபடி, கடைசியில் விலை. முதல் நாள் நேர் வரிசையில் எழுதிவிட்டு, விலைக்கு முன்பே வரி ஓடிப் பூஜ்யம் பூஜ்யமாக வந்த பில்லைப் பார்த்து நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பந்தியில டம்ளர் அடுக்கி வைக்கிற மாதிரிதானே, கடைசியா வெச்சதுதான முதல்ல கைக்கு வரும்" என்றாள். அந்த வாக்கியம் இப்போது எங்கள் கோடில் அந்த இடத்துக்கு மேலேயே குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

குரூப் பெயர் எதுவும் எழுதாத ரூல்கள் மெயின் என்ற பொதுக் குரூப்பில் போய் விழும், அது அடுக்கின் அடியில் இருக்கும், எல்லாம் முடிந்த பிறகுதான் ஓடும். கட்டப் பெயர் எழுத மறந்த ஒரு தள்ளுபடி ரூல் வரிக்குப் பிறகு ஓடும் அபாயம் இதனால் உண்டு. குரூப் இல்லாத ரூல் ஏதாவது இருந்தால் மென்பொருளைத் தொகுக்கும் வேலையையே நிறுத்திவிடும் ஒரு சின்னச் சோதனையை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம், நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக்டிவேஷன் குரூப் பற்றி எச்சரிக்கை. "இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் ஓடட்டும்" என்பதற்கான வசதி அது. ஒன்று ஓடியதும் அந்தக் குழுவில் காத்திருக்கும் மற்ற எல்லாம் ரத்து. தள்ளுபடியில் பெரியது எதுவோ அது மட்டும் என்று ஒரு கடை கேட்டபோது, இதுதான் பொருத்தம் என்று போட்டோம். சோதனையில் ஒரு பொருள் உள்ள பில்லுக்குச் சரியாக வந்தது. ஐந்து பொருள் உள்ள பில்லில் முதல் பொருளுக்கு மட்டும் தள்ளுபடி, மீதி நான்கும் முழு விலை. ரத்து என்பது அந்தப் பொருளுக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் குழுவில் காத்திருப்பது எந்தப் பொருளுக்காக இருந்தாலும் போய்விடும். கையேட்டில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது, பெயரைப் பார்த்துவிட்டு ஊகித்தது எங்கள் தவறு. பில்லுக்கு ஒன்று என்றால் பயன்படுத்துங்கள், பொருளுக்கு ஒன்று என்றால் வேண்டாம்.

நோ-லூப், லாக்-ஆன்-ஆக்டிவ் என்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோ-லூப் ஒரு ரூல் தன்னையே மறுபடி எழுப்பிக்கொள்வதைத் தடுக்கும், ஆனால் இரண்டு ரூல்கள் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருந்தால் தடுக்காது. எங்கள் ரவுண்டிங் ரூலும் மொத்தம் போடும் ரூலும் அப்படி மாறி மாறிக் கூவிக்கொண்டிருந்தன, சோதனை மெஷின் அப்படியே நின்றுவிட்டது. என்ஜினை ஓட்டும்போது அதிகபட்சம் இத்தனை ரூல்தான் என்று ஒரு எண் கொடுக்கலாம், கட்டாயம் கொடுங்கள். லாக்-ஆன்-ஆக்டிவ் இன்னும் கடுமையானது, கட்டம் ஓடத் தொடங்கிய பிறகு அதில் உள்ள அந்த ரூலுக்குப் புதிதாக வரும் நியாயமான பொருத்தத்தையும் சேர்த்து மறைத்துவிடும். நாங்கள் ஆறு இடத்தில் போட்டோம், ஆறையும் எடுத்துவிட்டோம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு வரிசைச் சிக்கல் வந்ததன் வேர் எது என்று பார்த்தால், எல்லா ரூலும் "விலை" என்ற ஒரே பெட்டிக்குள் கையை விட்டு எண்ணை மாற்றிக்கொண்டிருந்ததுதான். யார் முதலில் கை விட்டார் என்பதைப் பொறுத்து எண் மாறத்தானே செய்யும். ட்ரூல்ஸில் இதற்கு வேறு வழி இருக்கிறது. தள்ளுபடி ரூல் விலையைத் தொடவே வேண்டாம். "இந்தப் பொருளுக்கு ஆடித் தள்ளுபடி 10 சதவீதம்" என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போடட்டும். மெம்பர் கார்டு ரூல் இன்னொரு சீட்டு போடட்டும். இறுதி விலை ரூல், அக்யூமுலேட் என்ற வசதியால் ஒரு பொருளுக்கான எல்லாச் சீட்டுகளையும் திரட்டி ஒரே முறை கணக்கிடட்டும். வரி ரூலின் நிபந்தனையில் "இறுதி விலை இருக்க வேண்டும்" என்று எழுதினால், இறுதி விலை பிறக்காமல் வரி ரூலால் எழுந்திருக்கவே முடியாது. சேலியன்ஸ் எண் எதுவும் இல்லாமல் வரிசை தானாக அமைகிறது.

சீட்டை இன்சர்ட் லாஜிக்கல் முறையில் போட்டால் இன்னொரு நன்மை. அந்தச் சீட்டுக்குக் காரணமாக இருந்த நிபந்தனை போய்விட்டால் சீட்டும் தானாக மறைந்துவிடும். 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்ட்டரில் நிற்கும் அம்மா, பில் பாதி போட்ட பிறகு "இந்தப் பாவாடை வேண்டாம்பா, எடுத்துடு" என்கிறார். மொத்தம் 2,800 ஆகிறது. சலுகைச் சீட்டு மறைகிறது, இறுதி விலை மாறுகிறது, வரி மாறுகிறது, நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. விலைப் பெட்டியில் கை வைத்து மாற்றியிருந்தால் பழைய எண்ணை யார் திருப்பிக் கொண்டுவருவது?

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. "இனிமேல் புதிய தள்ளுபடிச் சீட்டு வராது" என்பதை ஒரு ரூலால் தெரிந்துகொள்ள முடியாது, அதற்குக் கட்டங்கள் வேண்டும். ஆகவே இப்போது எங்கள் அமைப்பு இப்படி: பெரிய எல்லைகளுக்கு அஜெண்டா குரூப், ஒரு கட்டத்துக்குள் சீட்டுகள் வழியாகத் தானாக அமையும் வரிசை, சேலியன்ஸ் மொத்தம் இரண்டு ரூலில் மட்டும். இரண்டுமே பிழையைப் பிடித்து நிறுத்தும் ரூல்கள், அவை முதலில் ஓடியே ஆக வேண்டும்.

இந்த அமைப்புக்கு உண்மையான பரீட்சை 2025 செப்டம்பர் 22. அன்று முதல் ஆடைக்கான வரம்பு ஒரு பீஸ் 2,500 ரூபாய் என்று மாறியது, அதுவரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. ட்ரூல்ஸில் ஒரு ரூல் எந்தத் தேதியிலிருந்து செல்லும், எந்தத் தேதியோடு காலாவதி என்று எழுதலாம். பழைய ரூலுக்குக் காலாவதி, புது ரூலுக்குத் தொடக்கம், நள்ளிரவில் தானாக மாறிவிடும் என்று நினைத்தோம். அந்த வசதி பார்ப்பது ஓடும் நேரத்தின் கடிகாரத்தை, பில்லின் தேதியை அல்ல. செப்டம்பர் 15 அன்று 1,800 ரூபாய்க்கு வாங்கிய குர்தாவை 23-ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால், அன்று வாங்கிய 12 சதவீதம், அதாவது 216 ரூபாய் வரியைத்தான் திருப்பிக் காட்ட வேண்டும், புது விகிதப்படி 90 ரூபாயை அல்ல. நல்லவேளை, ஆடியில் பட்ட அடியால் இந்த முறை முன்னாலேயே யோசித்தோம். தேதியை ரூலின் தலையில் எழுதாமல் நிபந்தனைக்குள் கொண்டுவந்தோம், "அசல் பில் தேதி இன்ன நாளுக்கு முன்" என்று. பழைய ரூலும் புது ரூலும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் உயிரோடு இருக்கின்றன, ஒன்றோடொன்று மோதுவதில்லை. அந்தத் தீபாவளிக் கூட்டத்தில் ஆடிட்டரிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

கடைக்காரர்களே மாற்ற வேண்டிய விஷயங்களுக்கு எக்ஸெல் அட்டவணையைக் கொடுத்திருக்கிறோம், ட்ரூல்ஸ் அதை நேரடியாக ரூலாகப் படித்துக்கொள்ளும். இது கடைகளுக்கு மிகவும் பிடித்துப்போன வசதி. சீக்வென்ஷியல் என்று ஒரு குறிப்பு எழுதினால் மேலிருந்து கீழாக ஓடும், உள்ளே சேலியன்ஸை அதுவே இறங்குவரிசையில் போட்டுக்கொள்கிறது. ஆனால் மேலே ஒரு வரி பொருந்தியதும் நின்றுவிடாது, பொருந்தும் எல்லா வரியும் ஓடும், கடைசி வரி எழுதியதுதான் நிலைக்கும். ஒரு முதலாளி முக்கியமான சலுகையை ஆசையாக முதல் வரியில் வைத்திருந்தார், கடைசி வரியில் இருந்த பொதுச் சலுகை அதை அழித்துவிட்டது.

இந்த இடத்தில் டி.எம்.என். அட்டவணை எவ்வளவோ மேல். முடிவுகளை அட்டவணையாகவும் படமாகவும் எழுதுவதற்கான பொதுத் தரம் அது, ட்ரூல்ஸிலேயே அதுவும் ஓடும். ஒவ்வொரு அட்டவணைக்கும் தலையிலேயே சொல்லிவிட வேண்டும்: ஒரே ஒரு வரிதான் பொருந்த வேண்டுமா, முதலில் பொருந்தியதா, பொருந்திய எல்லாவற்றையும் திரட்டவா என்று. வரி விகித அட்டவணைக்கு நான் "ஒன்றே ஒன்று" முறையைத்தான் வைத்தேன். "2,500 வரை" என்று ஒரு வரியும் "2,500 முதல்" என்று ஒரு வரியும் எழுதிவிட்டால் சரியாக 2,500 ரூபாய்த் துணிக்கு இரண்டும் பொருந்தும், அதைச் சரிபார்க்கும் கருவி ஓட்டும் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். இடையில் விடுபட்ட வெற்றிடத்தையும் காட்டும். எந்த முடிவு எந்த முடிவைச் சார்ந்தது என்று படமாகவே வரைவதால் முடிவுகளுக்கிடையே வரிசை என்ற பேச்சே எழாது. உங்கள் வேலை முழுக்க இப்படி அட்டவணையில் அடங்குமானால் ரூல் மொழிப் பக்கமே போகாதீர்கள், டி.எம்.என். போதும்.

வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ட்ரூல்ஸ் 6-இலிருந்து ரீட்டிக்குப் பதில் ஃப்ரீக் என்ற முறை வந்திருக்கிறது, ஒரு ரூலின் முறை வரும்வரை அதை முழுசாக மதிப்பிடாமல் தள்ளிப்போடும். கட்டம் பிரித்து எழுதினால் அதன் பலனும் சேர்ந்து கிடைக்கும். சம எண்ணில் நிற்கும் ரூல்களில் எது முந்தும் என்பதை நம்பி எழுத வேண்டாம் என்று கையேடும் சொல்கிறது, அது பொன்னான அறிவுரை, ஆனால் புதிதாக வருகிறவர் கண்ணில் சேலியன்ஸ்தான் முதலில் படுகிறது. அந்த ஒரு மதிப்பெண் குறைந்தது அதற்காகத்தான். அஜெண்டா குரூப்பை முதல் அத்தியாயத்தில் வைத்து, சேலியன்ஸைப் பின்னால் தள்ளியிருக்க வேண்டும்.

கிளிப்ஸின் குலுக்கல் முறையைச் சொன்னேன் அல்லவா. அதிலிருந்து எடுத்ததுதான் எங்கள் இப்போதைய சோதனை. ஒரே பில்லை எடுத்து, பொருள்கள், கார்டு, கூப்பன் உள்ளே போகும் வரிசையையும் ரூல் கோப்புகளின் வரிசையையும் கலைத்துப் போட்டு 200 தடவை ஓட்டுகிறோம். 200 தடவையும் பைசா மாறாமல் ஒரே தொகை வர வேண்டும். ஒரு தடவை மாறினாலும் எங்கோ இரண்டு ரூல் ஒரே பெட்டியில் கை வைக்கின்றன என்று அர்த்தம். எந்த ரூல் எதற்குப் பின் ஓடியது என்பதை அஜெண்டா லிசனர் என்ற கவனிக்கும் வசதியை வைத்து ஒவ்வொரு பில்லுக்கும் எழுதி வைக்கிறோம், கலைத்த இரண்டு ஓட்டங்களின் பதிவை அருகருகே வைத்தால் எந்த இடத்தில் பிரிந்தது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த வருடப் பொங்கல் சலுகைகளுக்கு முன்னால் ஓட்டியபோது 200-இல் 3 தடவை தொகை 10 ரூபாய் மாறியது. பதிவைத் திறந்து பார்த்தால், யாரோ ஒரு கூப்பன் ரூலைச் சதவீதக் கட்டத்தில் போட்டிருந்தார்கள். கட்டத்தின் பெயரை மாற்றினோம், மறுபடி 200 தடவை ஓட்டினோம், ஒரே தொகை வந்தது, அன்று மாலையே கடைகளுக்கு அனுப்பிவிட்டோம்.